கவலை சூழ்ந்த வீட்டுக்குக் கோடையில் சொந்தங்கள் வந்தால்

கேட்டவருடைய நிலைமை இது. அப்பாவுக்குப் புற்றுநோய், 3 வாரத்துக்கு ஒருமுறை கீமோ. கணவருக்கு வேலை போய் 4 மாதமாகிறது. செய்தியைத் திறந்தால் அதுவும் பயமுறுத்துகிறது. இந்த நேரத்தில் அக்காவும் அத்தானும் 12 வயதிலும் 8 வயதிலும் உள்ள இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோடை விடுமுறைக்கு 10 நாள் வருகிறார்கள். "வராதேன்னு சொல்ல மனசில்லை. வந்தா சிரிச்சு முகமா இருக்க என்னால முடியுமான்னும் தெரியலை. அப்பா உள்ளே படுத்திருக்கும்போது நாங்க வெளியே உட்கார்ந்து சிரிச்சா அது சரியா?" இதுதான் கேள்வி.

வரட்டும் என்பது என் பதில். ஆனால் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், அதுதான் உங்களை அரிக்கிறது. சிரிக்கலாம். அப்பா காதில் விழும்படியாகவே சிரிக்கலாம்.

புற்றுநோயாளிகளின் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவதை வேலையாக 18 ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நோயாளிக்கு வலி, களைப்பு. பார்த்துக்கொள்கிறவருக்கு அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: சிரித்துவிட்டால் ஏதோ திருடிவிட்ட மாதிரி ஓர் உணர்வு. 'அப்பாவை மறந்துட்டேனோ?' என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மனதில் இருக்கும் இடம் இவ்வளவுதான், அங்கே சந்தோஷம் வந்து உட்கார்ந்தால் கவலை எழுந்து போய்விடும், கவலை போனால் பாசமும் போனதாக அர்த்தம் என்கிறது. இந்தக் கணக்கு தப்பு. என் அனுபவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை.

1990களின் முதல் பாதியில் சூசன் ஃபோக்மன் என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஆய்வு நடத்தினார். எய்ட்ஸ் முற்றிப்போன தங்கள் துணைவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஆண்களை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 2 ஆண்டுகள் தொடர்ந்து சந்தித்துப் பேசினார்கள். இன்றைய கூட்டு மருந்துகள் பரவலாக வந்திராத காலம். முடிவு என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆய்வுக்குழு தயாரித்த கேள்விகள் முழுக்கத் துயரத்தைப் பற்றியே இருந்தன: எது கஷ்டமாக இருந்தது, எப்படிச் சமாளித்தீர்கள். ஆய்வு தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே, பேச வந்தவர்களில் சிலர் இதில் ஒரு குறை சொன்னார்கள். கஷ்டத்தை மட்டும் கேட்கிறீர்கள், எங்கள் நாளில் நடக்கும் நல்லதைக் கேட்கவே இல்லையே என்று. பிறகுதான் அந்தக் கேள்வியையும் சேர்த்தார்கள். கேட்டவுடன் அநேகமாக எல்லாரிடமும் சொல்வதற்கு ஒன்று இருந்தது, அதிலும் பெரும்பாலும் அன்றாடத்தின் சின்ன விஷயங்கள்தான். 1997இல் ஃபோக்மன் வெளியிட்ட கட்டுரைப்படி, அந்த ஆண்களிடம் மனச்சோர்வு அதிகமாகவே இருந்தது. ஆனால் மரணத்தை ஒட்டிய நாட்களைத் தவிர மற்ற காலத்தில், துன்ப உணர்வு வந்துபோன அளவுக்கு இன்ப உணர்வும் வந்துபோயிருக்கிறது. ஒன்று இன்னொன்றை விரட்டவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தன.

அந்த ஆண்கள் யாரும் பாசத்தில் குறைந்தவர்கள் இல்லை. அடுத்த முறை அந்தக் குரல் கேட்கும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 'பாசிட்டிவா இரு' என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள், அதையும் பொருட்படுத்த வேண்டாம். ஒரு கெட்ட உணர்வுக்கு ஏறக்குறைய மூன்று நல்ல உணர்வு என்ற விகிதத்தைத் தாண்டினால்தான் மனிதர் செழிப்பார்கள் என்று 2005இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்து மேடைக்கு மேடை பேசப்பட்டது. 2013இல் அதன் கணிதத்தை வேறு சிலர் பிரித்துப் பார்த்து அடிப்படையே தப்பு என்று காட்ட, எழுதியவர்களில் ஒருவரே அந்தக் கணிதப் பகுதியைக் கைவிட்டார். ஆக, உங்கள் 10 நாளில் இத்தனை மணி நேரம் சந்தோஷமாக இருந்தாக வேண்டும் என்று எந்த அளவுகோலும் கிடையாது. ஒரு நாளைக்கு 10 நிமிடம் உண்மையாகக் கிடைத்தால் நல்ல விருந்தாளிக் காலம் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். அக்கா டிக்கெட் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

கீமோ கொடுத்த பிறகு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. முதல் சில நாள் குமட்டலும் அசதியும் படுத்தும். அதன் பிறகு, பல மருந்துகளில் ஏறக்குறைய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகக் கீழே போகும். ஆளைப் பார்த்தால் தேறியவர் போலத் தெரிவார், ஆனால் தொற்று எளிதாகப் பிடிக்கும் காலம் அதுதான். 3 வாரச் சுற்றில் பொதுவாக மூன்றாவது வாரம்தான் சாப்பிட, பேச, எழுந்து உட்காரக் கொஞ்சம் தெம்பு வருகிற வாரம். மருந்துக்கு மருந்து இது மாறும். அதனால் ஆன்காலஜிஸ்டிடம் நேராகக் கேளுங்கள்: "எங்க வீட்டுக்குப் பிள்ளைங்களோட ஆள் வர்றாங்க. இந்தச் சுற்றில் எந்த நாள் பாதுகாப்பு?" டாக்டர்களுக்கு இது பழகிப்போன கேள்விதான், கூச்சப்பட வேண்டியதில்லை. விடுமுறை எப்போது என்று பார்த்துத் தேதி வைப்பதைவிட அப்பாவின் சுற்றைப் பார்த்து வையுங்கள். 10 நாளை 7 நாளாகச் சுருக்க வேண்டி வந்தாலும் நஷ்டமில்லை.

யாருக்காவது சளி, இருமல், வயிற்றுப்போக்கு இருந்தால் அது சரியாகும்வரை வர வேண்டாம் என்று அக்காவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கிளம்பும் அன்று சொன்னால் மனஸ்தாபம் வரும். வந்தவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அப்பாவிடம் போகட்டும். வீட்டில் தெர்மாமீட்டர் வேண்டும். கீமோவில் இருப்பவருக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைக்கவும் கூடாது, அந்த நேரத்திலேயே மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும். வீட்டில் ஆள் நிறைந்திருக்கும் நாட்களில் இதைப் போல ஒன்று கவனத்தில் தப்பிவிடும் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். கோடை என்பதால் இன்னொன்று: உடம்பில் நீர் வற்றிப்போவது இவர்களுக்குச் சீக்கிரம் நடக்கும், சில மருந்துகளால் வெயில் பட்டால் தோல் எரியும். வெளியே கூட்டிப்போவதாக இருந்தால் வெயில் ஏறுவதற்குள் போய் வந்துவிடுங்கள்.

கவலையைப் பற்றி. விருந்தாளிகள் இருக்கும்வரை அதை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடலாம் என்று நினைப்பீர்கள். முடியாது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம், 5 நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்துவிட்டால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதோடு, அடக்கி வைத்தவர்களை அதன் பிறகு தாராளமாக நினைக்கச் சொன்னபோது, முதலிலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

அடக்குவதற்குப் பதிலாகக் கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுப்பது பலன் தருகிறது. உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983இல் சோதித்துப் பார்த்த முறை இது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே உட்கார வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் 'உன் நேரம் இது இல்லை' என்று தள்ளிப்போட வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் செய்தவர்களுக்குக் கவலையில் செலவாகும் நேரம் குறைந்தது. மனம் 'வேண்டாம்' என்பதைக் கேட்பதில்லை, 'அப்புறம்' என்பதைக் கேட்கிறது. நீங்களும் உங்கள் கணவரும் மாலையில் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு யாரிடம் பேச வேண்டும், கடனுக்கு என்ன வழி, அடுத்த ஸ்கேன் எப்போது, எல்லாம் அந்த நேரத்தில், ஒரு நோட்டில். படுக்கை அறையிலும் வேண்டாம், தூங்கப் போகும் முன்னும் வேண்டாம்.

இதில் அக்காவைச் சேர்ப்பதா? ஒரு நாள் சேர்க்கலாம், தினமும் வேண்டாம். அக்கா தங்கை பல மாதம் கழித்துப் பார்த்தால், எல்லாரும் தூங்கிய பிறகு அடுக்களையில் உட்கார்ந்து இரவு 1 மணிவரை பேசுவார்கள். முதல் இரவு அது தேவைதான், அழுது தீர்க்கலாம். இரண்டாம் இரவும் மூன்றாம் இரவும் அதே பேச்சு, அதே 'இப்படி ஆயிட்டா என்ன பண்றது' என்றால் அதன் குணம் மாறிவிடும். அமாண்டா ரோஸ் என்ற உளவியலாளர் 2002இல் பள்ளிப் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்து எழுதினார்: பிரச்சினையையே திரும்பத் திரும்பப் பேசும் தோழிகளுக்கு நெருக்கம் கூடியிருந்தது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் கூடியிருந்தன. நாற்பது வயதிலும் அப்படித்தான் நடக்கிறது என்பது நான் கண்ணால் பார்த்தது. ஆகவே மூன்றாம் இரவு அக்கா தொடங்கினால், "அதை நாளைக்குச் சாயங்காலம் நோட்டோட உட்கார்ந்து பேசலாம்கா, இப்ப நீ உன் ஆபீஸ் கதையைச் சொல்லு" என்று திருப்புங்கள். அவருக்கும் அது நிம்மதியாக இருக்கும்.

அக்காவுக்கு வேலையும் கொடுங்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளவில்லையே என்ற குற்ற உணர்ச்சி உங்களுடையதைவிடப் பெரிதாகவே இருக்கும். அது அடங்க வழி இல்லாவிட்டால் ஆலோசனையாக வெளியே வரும்: வேறு டாக்டரைப் பார்க்கலாமே, இந்த மருந்தைக் கேள்விப்பட்டேனே என்று. ஒரு நாள் முழுக்க அப்பாவை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு நீங்கள் தூங்குங்கள். மாத்திரை நேரத்தை எழுதி அவர் கையில் கொடுங்கள். மறுநாள் ஆலோசனை பாதியாகக் குறைந்திருக்கும்.

செய்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஆய்வில், அதற்கு அடுத்த வாரம் நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்கள், சம்பவத்தில் நேரடியாகச் சிக்கியவர்களைவிட அதிக மன அழுத்த அறிகுறிகளைச் சொன்னார்கள். நாளுக்கு ஒருமுறை செய்தி பார்த்தால் போதும். வீட்டில் டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வண்டி ஏறும் முன்பே, அக்கா வாயால். நோயின் பெயரைச் சொல்லலாம்: தாத்தாவுக்குப் புற்றுநோய், அதற்கு மருந்து ஏறுகிறது, அந்த மருந்தால் முடி கொட்டியிருக்கலாம், சீக்கிரம் களைத்துப்போவார். தொட்டால் ஒட்டாது. யாரும் ஏதும் தப்புச் செய்ததால் வந்ததில்லை. 8 வயதுக்கு இவ்வளவு போதும். 12 வயது 'தாத்தா செத்துப்போயிடுவாரா?' என்று கேட்கும். "தெரியலை. டாக்டருங்க முயற்சி பண்றாங்க. ஏதாவது மாறினா உன்கிட்ட சொல்வோம்" என்பதே பதில், சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். மறைத்தால் பிள்ளைகள் நிஜத்தைவிடப் பயங்கரமாக ஒன்றை மனதில் கட்டிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு தாத்தாவின் அறைவாசலோடு நின்றுவிடுவார்கள்.

அந்த வாசலைத் தாண்ட அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும். 'போய்த் தாத்தா பக்கத்துல உட்காரு' என்பது சாக்கு இல்லை, தண்டனை. கையில் ஏதாவது வேலை இருந்தால் உட்காருவார்கள்.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த வருடம், கோடை விடுமுறைக்கு என் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அம்மா காலமெல்லாம் சீட்டாடியவர், அதிலும் அழுகுணி ஆட்டம். இப்போது வலது கை மடங்கிக் கிடந்தது, இடது கையால் ஏழு சீட்டை விசிறியாகப் பிடிக்க வரவில்லை, நழுவி மடியில் விழுந்தது. மூன்றாம் முறை விழுந்ததும் சீட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி மகனுக்கு அப்போது 9 வயது. எழுந்து போனான். திரும்பி வந்தபோது துணி தேய்க்கிற பிரஷ் ஒன்று கையில் இருந்தது, இன்னும் ஈரமாக. அதை மல்லாத்தி வைத்து, முட்களுக்கு நடுவில் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகினான். நின்றன. மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இதே உபாயத்தைச் சொல்லித்தருவார்கள் என்பது எனக்குத் தெரியும். தொழிலில் இருக்கும் எனக்கு அன்று தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியது.

பிரஷ் கொஞ்சம் கோணலாக இருந்ததால் அம்மாவின் சீட்டு எல்லாருக்கும் தெரிந்தது. "பாட்டி, உங்க சீட்டெல்லாம் தெரியுது" என்றான். அம்மா குழறிக் குழறி, ஆனால் தெளிவாகவே சொன்னார்: "தெரியட்டும்டா. தெரிஞ்சு நீ ஜெயிச்சுடுவியா?" எல்லாரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே எழுந்து, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து ஆட்டத்தில் சேர்ந்தேன். எல்லாம் 10 நிமிடத்துக்குள். ஃபோக்மனின் கட்டுரையைப் படித்துப் பல வருடம் ஆகியிருந்தாலும், எனக்கு அது புரிந்தது அந்தக் குளியலறையில்தான்.

உங்கள் அப்பாவுக்கும் இது உதவலாம். சில கீமோ மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போகும், சீட்டோ பேனாவோ பிடிக்க வராது. என்ன விளையாட்டு என்பது முக்கியமில்லை. அவர் படுத்தபடியே சேர முடிவதாக, 20 நிமிடத்தில் முடிவதாக, பாதியில் தூங்கிப்போனாலும் யாரும் சங்கடப்படாததாக இருந்தால் சரி.

விளையாட முடியாத நாளில் கதை. அவர் சின்ன வயதுக் கதை, முக்கியமாகக் கெட்டுப்போன காலத்துக் கதை: தாத்தாவின் அப்பாவுக்கு வேலை போனது, வீடு கைவிட்டுப் போனது, எப்படியோ மீண்டது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபைவுஷும் 20 கேள்விகள் வைத்து, பிள்ளைகளுக்குக் குடும்பக் கதை எவ்வளவு தெரியும் என்று பார்த்தார்கள்: தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் என்பது போல. அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் தாக்குப்பிடிக்கும் திறனும் கூடுதலாகக் காணப்பட்டன. விடைகளை மனப்பாடம் செய்ய வைத்தால் அது வந்துவிடாது என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். உட்கார்ந்து சொல்லக் கேட்கும் அந்த நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது. மூத்தவனிடம் போனைக் கொடுத்துத் தாத்தாவின் குரலைப் பதியச் சொல்லுங்கள். ஏன் என்று விளக்க வேண்டாம். உங்கள் கணவரும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும், வேலை போன மனிதருக்கு அந்தக் கதைகள் வேறு விதமாகக் கேட்கும்.

சண்டையும் வரும். ஐந்தாம் நாள் வாக்கில், குளியலறை, டிவி ரிமோட், யார் அதிகம் செய்கிறார்கள் என்று எதிலாவது. இது பயணத்தின் தோல்வி இல்லை, கூட்டமான வீட்டின் இயல்பு. பெரிதுபடுத்தாமல் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் போய்விடுங்கள். செலவைப் பற்றி மட்டும் முன்கூட்டியே அக்காவிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள், "இந்தத் தடவை வெளியே எங்கேயும் கூட்டிட்டுப் போக முடியாதுக்கா" என்று. கணவர் அதைச் சொல்ல நேரக்கூடாது.

கடைசி நாளுக்குக் கொஞ்சம் திட்டம் வேண்டும். 1993இல் உளவியலாளர் டேனியல் கானமனும் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனை இது: 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் கையை 60 விநாடி வைப்பது ஒன்று. அதே 60 விநாடிக்குப் பிறகு இன்னும் 30 விநாடி, நீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றியபடி வைப்பது மற்றொன்று. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்றால் பெரும்பாலோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததுதான் காரணம். எவ்வளவு நேரம் என்பதை நினைவு கிட்டத்தட்டக் கணக்கில் எடுப்பதில்லை, உச்சத்தையும் முடிவையும் பிடித்துக்கொள்கிறது. நம் வீடுகளில் முடிவு என்றால் பெட்டி கட்டும் களேபரம், சார்ஜர் காணோம், நேரமாச்சு என்ற கத்தல், அப்பாவிடம் வாசலில் நின்றபடி அவசர அவசரமாக ஒரு 'வர்றேன்ப்பா'. ஆகவே பெட்டிகளை முந்தின இரவே கட்டி வாசலருகில் வைத்துவிடுங்கள். கிளம்பும் அன்று கடைசி அரை மணி நேரம் அப்பாவின் அறையில் எல்லாரும் உட்கார்ந்திருக்கட்டும். பேச்சு வராவிட்டால் ஒரு ஆட்டம் போடட்டும், முடியாவிட்டால் பாதியில் நிறுத்திச் சீட்டுகளைப் பிரஷிலேயே விட்டுவிட்டுப் போகட்டும். அடுத்த முறை வந்து முடித்துக்கொள்ளலாம்.

அவர்கள் போன மறுநாள் வீடு காலியாக இருக்கும், உங்களுக்கு அழுகை வரும். அன்று வேறு எந்த வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள், ஸ்கேனுக்கும் அந்தத் தேதி வேண்டாம். இப்போதைக்கு ஆன்காலஜிஸ்டுக்குப் போன் போட்டு, அந்த மூன்றாவது வாரம் எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டுவிட்டு அக்காவிடம் சொல்லுங்கள்.